பதிலாகப் போனேன்

செல்வின் சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்டார். "என்னையக் கட்டிக்கிடுதியா, பெல்சியா?" போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் பதிலாக நானே போவதென்று முடிவு செய்தேன். சென்னைக் கடற்கரையில் அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது.

போன வருடமும் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கூப்பிடவில்லை.

கவுன்டரில் காஞ்சனா என்று பெயர் அட்டை குத்திய பெண் இருந்தார்.

"நீங்க ஆளா, பதிலா?"

"பதில்."

"என்ன பதில்?"

"சம்மதம்."

படிவம் ஒன்று தந்தார். ஒரே கேள்வி: வெளிச்சம் உண்டா, இல்லையா? உண்டு என்பதில் டிக் அடித்தேன். விரல் நுனியிலிருந்து பிரகாசிக்கத் தொடங்கினேன். வலிக்கவில்லை.

"நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்" என்றார்.

"மூணு லட்சம்னு படிச்சிருக்கேனே?"

"அது வெட்டவெளியில. இது கண்ணாடிம்மா. மெதுவாத்தான் போவணும்."

கடலடியில் சிங்கப்பூர் வரை போகும் கண்ணாடி இழை தலைமுடி அளவு இருந்தது. நுழைந்தேன்.

எனக்கு முன்னால் 'சாப்ட்டாச்சா?' போய்க்கொண்டிருந்தது. அம்பத்தூரில் ஓர் அம்மா மகனுக்கு அனுப்பிய கேள்வி. போகப் போக அகலமாகி என் தோளை இடித்தது.

"தள்ளிப் போங்களேன். நாம கலந்துட்டா அவரு 'சம்மதமாச்சா'ன்னு படிப்பாரு. மறுபடி கேள்வியாயிடும்."

"நான் என்னம்மா பண்ண? தூரம் போனா உடம்பு பரவத்தான் செய்யுது."

என்றாலும் வயிற்றை எக்கிக்கொண்டது. நானும் எக்கிக்கொண்டேன். அப்படியே வங்காள விரிகுடாவைக் கடந்தோம்.

எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை கடலடியில் ஒருவர் உட்கார்ந்து, மங்கிப்போனவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். எல்லா இடத்திலும் அதே ஆள். பெயர் கேட்க நேரமில்லை.

மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு ஆயிற்று.

செல்வினின் சமையலறையில் இறங்கினேன். கேட்ட வாயை அவர் இன்னும் மூடவில்லை.

"சம்மதம்" என்றேன்.

பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் புரியப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். இந்த முறை எனக்குக் குரல் நன்றாகவே வந்தது. செல்வின் சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு, தூத்துக்குடிக்குப் போன் போட்டார்.

"ஏல, போனை வைக்காத. இந்தா வாரேன்" என்றார் அவருடைய அம்மா.

போனை வைப்பதற்குள் வந்து இறங்கினார். பின்னாலேயே இரண்டு சித்திகள், ஒரு மாமா, பங்குச் சாமியார். எல்லோரும் பளபளவென்று இருந்தார்கள். வீட்டில் இரண்டே நாற்காலி.

செல்வின் பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்கப் போனார். நடந்துதான் போனார். ரொம்ப நேரம் ஆயிற்று.