சங்கு ஊதவில்லை

ஆலையைப் பூட்டி நாற்பது நாளாகிறது. மின்சாரத்தையும் வெட்டிவிட்டார்கள். ஆனாலும் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதுகிறது. ஊதியதும் தெருவே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஆலை வாசலில் போய் வரிசையில் நிற்கிறது. பழக்க தோஷம். எட்டு மணிவரை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

தொழிற்சங்கச் செயலாளருக்கு இது பெரிய தலைவலி. வரிசையில் முதல் ஆள் அவளுடைய கணவன்தான்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதினோராவது சுற்றுப் பேச்சு. ஒரு பக்கம் முதலாளி, எதிர்ப்பக்கம் இவள், நடுவில் அதிகாரி. அரசிடம் பணமில்லை என்றார் அதிகாரி. தன்னிடமும் இல்லை என்றார் முதலாளி. பேச்சு முறிந்துவிடாமலிருக்க, ஏதாவது ஒரு சின்ன விஷயத்திலாவது மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுவது அந்த மேசையின் வழக்கம். போன சுற்றில் அந்த அறைக்கு மின்விசிறி வேண்டும் என்பதற்குப் போட்டார்கள்.

"வாசல்ல கூட்டம் கூடினா பேங்க் கடன் தராது," என்றார் அதிகாரி. "சங்கு ஊதலைன்னு மூணு பேரும் எழுதிக் குடுத்துடலாம். அடுத்த வாரமே ஆலையைத் திறந்துடலாம்."

"ஊதுதே சார்."

"கரண்ட் இல்லாம எப்படிம்மா ஊதும்?" என்றார் முதலாளி. மூன்று வருடத்தில் அவர் கேட்ட ஒரே நியாயமான கேள்வி அது. ஒரு கையெழுத்தில் குடியா முழுகிவிடப் போகிறது? போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"சங்கு ஊதுதுல்ல?"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. சங்கு கேட்கவில்லை.

"இன்னிக்குப் போகாதீங்க."

"மிஷின் சத்தம்கூட வருது. திறந்துட்டாங்க போல," என்று சிரித்தபடி போனான்.

பத்து மணியாகியும் தெருவில் ஒருவரும் திரும்பவில்லை. ஓடினாள். ஆலைக் கதவில் பூட்டும் அரக்கு முத்திரையும் அப்படியே இருந்தன. வாசலில் ஈ, காக்கை இல்லை. கூட்டம் கலைந்ததா என்று பார்க்க வந்த அதிகாரியும் முதலாளியும் மட்டும் நின்றிருந்தார்கள்.

"ஏதாவது கேக்குதா சார்?"

"ஒண்ணும் கேக்கலையே. உள்ளே யாரும் இல்லைன்னு எழுதிட்டேன். நாங்க ரெண்டு பேரும் போட்டாச்சு, நீங்க பாக்கி," என்று அதிகாரி தாளை நீட்டினார்.

பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி மூச்சிரைக்க வந்தாள்.

"என்னக்கா இப்படி நிக்கிறீங்க? உங்க வீட்டுக்காரர் உள்ளேருந்து கதவைத் தட்டித் தட்டி உங்களைத்தானே கூப்பிடுறாரு."

அவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள். சத்தமே இல்லை. இரும்பு மட்டும் விட்டு விட்டு அதிர்ந்தது.