பழைய லைன்

ஸகியா முதலில் செய்தது, தரையில் கிடந்த றிசீவரை எடுத்துப் போனின் மேல் வைத்ததுதான். வாப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தது அதற்குப் பிறகு. ஒரு மகள் இப்படியா செய்வாள் என்று அன்று முழுவதும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்ய, கை முந்திக்கொண்டது.

மழை என்று ஸகியா படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தைப் பத்தரைக்கே விட்டிருந்தார்கள். காலையில் அடித்த காற்றில் எங்கோ மரம் முறிந்து, சாய்ந்தமருது முழுக்கக் கரண்ட் இல்லை. வாப்பா மீராமுகைதீன் போன் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. கை சில்லிட்டிருந்தது. அவள் கத்தவில்லை. வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டு றஹீமாவை, சீனி கேட்பதுபோல, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

றஹீமா வந்து பார்த்து, இன்னாலில்லாஹி சொல்லி, வாப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"பேப்பர் வாசிச்சிக்கிட்டே போயிட்டார் போல புள்ள. லேசான மௌத்து," என்றாள்.

அன்று மழைக்குப் பேப்பர் வரவில்லை. நம்பர்களை அழுத்துவதற்குத்தான் அவருக்குக் கண்ணாடி வேண்டும். இது ஸகியாவுக்கு மட்டும் தெரியும்.

தம்பி நிப்றாஸுக்குத் தன் கைபேசியிலிருந்து அவள்தான் சொன்னாள். கல்முனை பஸாரில் அவனுக்குச் சாரன் துணிக் கடை. மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். நனைந்தபடி ஓடிவந்து வாப்பாவின் காலடியில் இருந்துவிட்டான்.

"காலையில இருந்து போன கையிலதான் வெச்சிரிந்தன் ராத்தா. என்ட நம்பர் வாப்பாக்கு மனப்பாடம். ஒரு கோல் எடுத்திரிந்தா…"

பிறகு அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரம் கிடைத்திருக்காது, அல்லாஹ் ஒரு நொடியில் எடுத்துக்கொண்டான் என்று தனக்குத்தானே ஆறுதல் சொன்னான். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஸகியா ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள், தேத்தண்ணி குடிக்கக் கொடுங்கள் என்று றஹீமா யாரிடமோ சொல்வது கேட்டது.

வாப்பா கல்முனையில் இருபது வருடம் கொமினிகேஷன் கடை வைத்திருந்தவர். சவூதிக்கும் கட்டாருக்கும் பேச வருகிறவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டு வெளியே மணி பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அதே டெலிபோன் லைனில் டயல் பண்ணி இன்டர்நெட்டும் கொடுத்தார். அது கிணுகிணுத்துக் கீச்சிட்டுப் பிடிபடுவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். கடையை மூடிய பிறகும் வீட்டு லைனை அவர் விட்டதில்லை. அந்தச் செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வருகிறது, ஊரே இருட்டாகக் கிடந்தாலும் போனில் உயிர் இருக்கும் என்பார். அந்த நம்பிக்கையில்தான் கைபேசிக்குச் சார்ஜ் போடவே மாட்டார். அது மேசை லாச்சிக்குள் செத்துக் கிடக்கும்.

போன மார்ச்சில்தான் இந்தப் பேச்சு வந்தது. ஸகியாவின் கணவன் சியாம் கட்டாரில் இருந்தான். அவனோடு வீடியோவில் பேசினால் முகம் பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். வேகமான இணைப்பு எடுக்க இரண்டு வழி இருந்தது. ஒரு கம்பெனி, பழைய லைனைத் தொடாமல் புது இணைப்புத் தரும். புதியது விழுந்தால் பழையதில் டயல் பண்ணி மெதுவாகவாவது இன்டர்நெட்டுக்குப் போகலாம். ஆனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மற்றது மூன்றே நாளில் கண்ணாடி நார்க் கம்பி இழுத்து, அதே நம்பரை அதிலேயே போட்டு, செப்புக் கம்பியைக் கழற்றிவிடும். வாப்பா முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார். எந்தக் காலத்து மனிசன் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. வாப்பா ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டாவதை வீட்டில் பொருத்திப் பூட்ட வைத்தாள். பூட்ட வந்தவன் தெளிவாகவே சொன்னான், கரண்ட் போனால் போனும் போகும், சின்ன பெட்டரி ஒன்று வாங்கி வைக்கச் சொன்னான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டாள்.

பள்ளிவாசலால் வந்த வாப்பா றிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"பழைய லைன் இரிக்கிதானே மகள்?"

"ஓம் வாப்பா. இரிக்கி."

அவ்வளவுதான். அவரும் நம்பினார். மகள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்.

மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி போட்டார்கள். முகத்தை மூடுவதற்கு முன் பெண்களை வரச் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, பொருந்திக் கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஸகியாவும் குனிந்தாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாய் வரவில்லை. எதற்கு என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? கண் மூடியிருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். றஹீமா தோளைப் பிடித்து அப்பால் கூட்டிப்போனாள்.

அஸர் தொழுது ஜனாஸாவைத் தூக்கிப் போனார்கள். ஆண்கள் மையவாடியில் அடக்கிக்கொண்டு நிற்கும்போது கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்றது, கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் புது இணைப்பின் பெட்டியில் மூன்று பச்சை வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிந்தது. ஸகியா அதைப் பார்த்தபடி பாயில் இருந்தாள்.

நிப்றாஸ் சாரன் விளிம்பில் மண்ணோடு திரும்பி வந்து, வாப்பாவின் கதிரையில் இருந்தான். கைபேசியை மேசையில் வைத்தான். மாவடிப்பள்ளி மாமிக்குப் பாதையில் வெள்ளம், வரமுடியவில்லை, ஒரு சொல் சொல்லவேண்டும் என்று றிசீவரைத் தூக்கினான். டயல் சத்தம் ஸகியாவுக்கே கேட்டது.

"வாப்பா சொன்ன சரிதான். லைன் உயிரோடதான் இரிக்கி," என்றான். "இத மட்டும் வெட்டிராதீங்க ராத்தா."

இதற்கும் தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அவள் எழும்பிப் போய், அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை வெளிச்சங்கள் அணைந்தன.

"இப்ப கேளு தம்பி."

அவன் றிசீவரில் காதை வைத்துக் கேட்டான், டயல் சத்தம் நின்றுபோயிருந்தது. போனிலிருந்து புறப்பட்ட வயர் முன்புபோல ஜன்னல் பக்கம் போகாமல் அலுமாரிக்குப் பின்னால் போவதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வாப்பா உனக்குக் கோல் எடுத்தார்," என்றாள் ஸகியா. "நான் வந்து பாக்கக்குள்ள றிசீவர் கீழ கிடந்திச்சி."

நிப்றாஸ் றிசீவர் வைக்கும் கட்டையை இரண்டு தரம் அழுத்தி விட்டுப் பார்த்தான். பிறகு றிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தன் நம்பரை ஒவ்வோர் எண்ணாக, மெதுவாக அழுத்தினான். பத்தாவது எண்ணையும் அழுத்திவிட்டுக் காத்திருந்தான். மேசையில் அவனுடைய கைபேசி அப்படியே கிடந்தது.