தேர் நின்ற தெருவில் பச்சைக் கோடு

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரன்று வனிதாவின் அப்பா குப்பண்ணன் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. எனக்குப் பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குப்பண்ணனுக்கு என் சம்பளத்திலோ ஜாதகத்திலோ குறை தெரியவில்லை. ஒரே சந்தேகம்தான். "ஞாயித்துக்கிழமையும் ஊர்வேலை பாக்கறவன் உன்ற மூஞ்சிய எப்பப் பாப்பான்?" என்று மகளைக் கேட்டிருக்கிறார்.

நான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து பாலக்காட்டுக்கென்று ஒரு ஆப் நடத்துகிறேன். எரியாத தெருவிளக்கு, உடைந்த குழாய், வராத பஸ், எதையும் அதில் பதியலாம். வருமானம் கிடையாது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழக்கடைக்காரர் ஒருவர் குழாய் உடைந்ததைப் படம் எடுத்து அனுப்பினால், சரியானதும் இன்னொரு படம் அனுப்புவார், யாரும் கேட்காமலே. அந்த இரண்டாவது படத்துக்காகத்தான் நான் இதை விடவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் தேரிலேயே, அது இருக்குமிடத்தைக் காட்டும் ஒரு கருவியைக் கட்டினோம். தேர் இருக்கும் தெரு மேப்பில் சிவப்பு. தேர் போய்விட்ட தெரு பச்சை, வண்டிகள் போகலாம்.

சாயங்காலம் வனிதா போன் செய்தாள். "ஏனுங்க, உங்க ஆப் இந்த ரோடு பச்சைங்குது. எங்க காருக்கு முன்னாடி யானை நிக்குதுங்க."

"யானையா?"

"தேரத் தள்ளற யானை. அப்பா ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு அந்த யானையவே பாத்துட்டு உக்காந்திருக்காரு. அதுதான் பயமா இருக்குது."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே தவறு புரிந்துவிட்டது. பஸ்ஸுக்கு எழுதிய புரோகிராமையே தேருக்கும் போட்டிருந்தோம். பஸ் வெகுநேரம் அசையாவிட்டால் ஷெட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். தேரோ வாசலுக்கு வாசல் நின்று, அர்ச்சனை வாங்கிக்கொண்டு, மனசு வந்தால்தான் நகரும். வருஷா வருஷம் அதைப் பார்க்கிற எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

காருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள் வந்து மாட்டியிருந்தன. குப்பண்ணன் இறங்கி நின்றிருந்தார். 'மாமா' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"தப்பு எங்களதுதானுங்க."

"அது தெரியுது தம்பி. இப்ப என்ன பண்ணப் போற?"

வனிதா அதற்குள் என் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து கார் பானட்டில் விரித்துவிட்டாள். இனி கருவி சொன்னால் போதாது, தெருமுனையில் ஓர் ஆள் நின்று பார்த்துச் சொன்னால்தான் பச்சை என்று மாற்றினேன். ஆப் குழுவில் இருக்கும் கோபிநாத்தைக் கூப்பிட்டு, தெருமுனைக்கெல்லாம் ஆள் அனுப்பச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான். "மத்த முக்குக்கெல்லாம் ஆள் விட்டுட்டேன்டா. நீ நிக்கற முக்குக்குத்தான் ஆளில்லை," என்றான்.

வீட்டில் அம்மா பலகாரம் செய்துவைத்துக் காத்திருந்தாள். இங்கேயே நின்றுவிட்டால் குப்பண்ணனின் சந்தேகம் சரியென்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. போய்விட்டால் இன்னும் எத்தனை பேர் வந்து மாட்டுவார்களோ.

"நில்லுங்க," என்றாள் வனிதா. "நானும் நிக்கறேன். ஊடு எங்கயும் ஓடிப்போயிடாது."

அப்பா காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்று ஓர் ஆட்டோவைத் திருப்பியும் விட்டாள். இவளோடு வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

குப்பண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி, உள்ளே நுழையப் பார்த்த ஒரு ஜீப்பை நிறுத்தினார். "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? முன்னால யானை!"

ஜீப் பின்வாங்கியதும் மகளிடம் கையை நீட்டினார்.

"போனக் குடு. தேர் போனதும் எங்க அமுக்கோணும்னு காட்டிட்டு ரெண்டு பேரும் ஊட்டுக்கு நடங்க. சம்பந்தி வர நேரமாகும், பலகாரத்த மூடி வெக்கட்டும்னு சொல்லுங்க."