நகராத மெஷின்

நான் திரும்பி வந்தபோது என் அறையில் ஒரு மெஷின் குடியிருந்தது.

கணவனோடு இனி ஒத்துவராது என்று முடிவெடுத்து, இரண்டு பெட்டிகளோடு பெற்றோர் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அப்பா பெட்டிகளை வாங்கி ஹாலில் சோபாவுக்குப் பின்னால் வைத்தார். பிறகு என் அறைக் கதவைத் திறந்து, வீட்டுக்கு வந்த புது மருமகளைக் காட்டுகிற மாதிரி அதைக் காட்டினார்.

"ஒரே மோட்டார்தாம்மா. பலகை அறுக்கலாம், கடைசல் பிடிக்கலாம், துளை போடலாம், தேய்க்கலாம். நாலு மெஷின் வாங்குற எடத்துல இது ஒண்ணு போதும்."

"அப்ப நான் எங்கப்பா படுக்கறது?"

"ஹால்ல படுத்துக்கோயேன், காத்து நல்லா வரும். இத நகர்த்த முடியாது. மட்டம் பார்த்து நிறுத்தியாச்சு. அசைச்சா எல்லாம் போச்சு."

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்பா பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் தொட்டதில்லை. மெஷின் வந்தபின் ஒரே ஒரு முக்காலி செய்திருந்தார். அதில் உட்காருபவர் கூடவே ஆடவும் வேண்டும். மூன்று கால் முக்காலியை ஆடவைக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஹாலில் படுத்தேன். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் உள்ள அறை என்னுடையது. பெரிய ஜன்னல், பக்கத்தில் நான் படித்த மேசை. மேசையின் மேல் இப்போது உப்புத்தாள் கட்டுகள். காலையில் அழைப்புமணி அடித்தால் அப்பாவின் கண் கதவுக்குப் போவதற்குமுன் என் படுக்கைக்குப் போகும். நான் சுருட்டி எடுத்து சமையலறைக்குள் ஓட வேண்டும். கல்யாணம் ஆகி ஏழு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவள், சொந்த வீட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்றேன்.

ஒருநாள் அப்பா அளவு டேப்போடு வந்து என் படுக்கையை அளந்தார்.

"உனக்கு ஒரு கட்டில் பண்ணப்போறேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடிப்போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். 'இங்கேயே இரு' என்று வாயால் சொல்லத் தெரியாத மனுஷன், மரத்தால் சொல்கிறார் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

இருவரும் சேர்ந்தே செய்தோம். அவர் தள்ள, நான் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு கால்களை அறுத்ததுமே அவருக்குப் பொறுமை போய்விட்டது. மெஷினைத் துளைபோடும் நிலைக்கு மாற்றி அந்த இரண்டிலும் துளை போட்டுப் பார்த்துப் பூரித்தார். மறுபடி அறுக்கும் நிலைக்கு மாற்றி மற்ற இரண்டையும் அறுத்தார். நாலையும் தரையில் நிறுத்தினால் இரண்டு உயரம், இரண்டு குட்டை.

"நாலையும் ஒரே அளவு வச்சு அறுத்துட்டு அப்புறம் மெஷின மாத்தணும்பா. மாத்தினா பழைய அளவு போயிடுது பாருங்க."

"ஒரு நூல் வித்தியாசம். யாருக்குத் தெரியப்போகுது?"

"படுக்கிறவளுக்குத் தெரியும்."

சிரித்தார். நான் வந்தபிறகு அவர் சிரித்தது அன்றுதான். மறுபடி நாலையும் ஒன்றாக அறுத்தோம். பலகை ரம்பத்தைத் தொடும்போது கையில் ஒரு அதிர்வு வரும். அதை அழுத்தக் கூடாது, விடவும் கூடாது என்பது எனக்கு இரண்டாம் நாளே பிடிபட்டது. அதன்பின் நான் தள்ளினேன், அவர் பிடித்தார். தலைமுடியெல்லாம் மரத்தூள். வந்ததிலிருந்து முதல்தடவையாக எனக்குப் பசித்தது.

சட்டம் தயாரானதும் நீளப் பலகைகளை நட்டநடுவில் கோடு போட்டு அறுக்கச் சொன்னார்.

"எதுக்குப்பா ரெண்டா அறுக்கணும்?"

"கீல் வச்சு மடிக்கிற மாதிரி பண்ணிடலாம். பகல்ல மடிச்சுக் கதவுக்குப் பின்னாடி நிறுத்திடலாம். நாலு பேர் வந்து போற எடம் இல்லையா?"

ஹால் சின்னது, நியாயம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா கீல் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

பென்சில் உருண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து கையை விட்டேன், எட்டவில்லை. கூட்டுவதற்காக அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள்.

"இரு, தள்ளித் தரேன்."

அடியில் இருந்த ஒரு பெடலைக் காலால் மிதித்தாள். மெஷின் ஒரு விரல்கடை உயர்ந்தது. நாலு சின்னச் சக்கரங்கள் தரையில் இறங்கின. அம்மா ஒற்றைக் கையால் தள்ள, அது சத்தமில்லாமல் சுவர் ஓரமாகப் போய் நின்றது. பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டியவள், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"தினமும் இப்படித் தள்ளிட்டுத்தான் கூட்டுறியா?"

"உங்கப்பாதான் உங்கிட்ட சொல்லாதேன்னார்."

"நீயும் சொல்லலை."

அம்மா துடைப்பத்தின் குச்சிகளை ஒவ்வொன்றாக நேர்செய்யத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரத்தில் காது சுட்டது. மெஷினை உருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். குழந்தை வண்டி போல வந்தது. வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தி, ப்ளக்கைச் சொருகினேன். கட்டில் சட்டத்தையும் பெட்டிகளையும் அறைக்குள் இழுத்துப் போட்டேன்.

அப்பா கையில் கீல் பொட்டலத்தோடு வந்தார். மெஷினைப் பார்த்தார்.

"நகருதுப்பா" என்றேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு மெதுவான குரலில் சொன்னார்: "ஹால்ல இருந்தா, லீவுக்கு வந்திருக்கான்னு சொல்லிக்கலாம். ரூமக் கொடுத்துட்டா, நீ வந்துட்டேன்னே ஆயிடும்மா."

"நான் வந்துட்டேன்பா."

"அது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியணுமா?"

பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாள் கேட்டு வாசலில் நின்றார். வாரத்தில் பாதி நாள் அவருக்கு எங்கள் வீட்டுச் செய்தித்தாள்தான்.

"என்ன சார், மெஷின் ஹாலுக்கு வந்துடுச்சு?"

"ரூம்ல வெளிச்சம் பத்தலை" என்றார் அப்பா. கொஞ்சமும் தடுமாறவில்லை.

"பொண்ணு இன்னும் லீவுல தான் இருக்கா?"

"ஆமா. ரெண்டு நாள்ல கிளம்பிடுவா."

நான் அறையிலிருந்து வெளியே வந்தேன்.

"வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல் அங்கிள்? அது என் ரூம். நான் அங்கே—"

அப்பா மெஷின் ஸ்விட்சைப் போட்டார். ரம்பம் வீறிட்டுச் சுழன்றது. என் வாய் அசைவது மட்டும்தான் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவர் காதில் விரலை வைத்தபடி சிரித்துத் தலையாட்டினார். அப்பா குனிந்து, கைகளை மெஷினின் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு, ரம்பத்தையே பார்த்தார். அறுக்க அங்கே ஒரு சிராய்கூட இல்லை.

நான் உள்ளே போகவில்லை. மரமே இல்லாமல் எவ்வளவு நேரம்தான் ஓட்டுவார், பார்க்கலாம் என்று அங்கேயே நின்றேன்.