நிழல் வைத்த எழுத்து

என் மனைவியின் படிப்புக்கு நான் செய்தது ஒரே ஒரு உதவி. அந்தப் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்ததும் அதுதான்.

நான் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். எழுத்துக்கு நிழல் வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்ல ஒருவர் இருக்கிறார், அது நான்தான். அவள் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். அஞ்சல் வழியில் வரலாற்றுப் பட்டப்படிப்பு படிக்கப்போகிறேன் என்று விண்ணப்பத்தோடு வந்து நின்றாள்.

"குடு, நான் எழுதறேன். உன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்" என்று பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழுந்தது. பெயருக்கு மட்டும் ஆசை தாளாமல் லேசாக நிழலும் வைத்தேன். அடியில் கையெழுத்துப் போட மட்டும் அவளை அனுமதித்தேன்.

ஒரு வருடம், சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். குக்கர் விசிலடித்தால் பக்கம் திருப்புவாள். எட்டு அசைன்மென்ட்டும் தன் கையால் எழுதி அனுப்பினாள். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் கடிதம் வந்தது. விண்ணப்பத்தை எழுதிய கையும் அசைன்மென்ட்டை எழுதிய கையும் வேறு வேறு. நேரில் விளக்கம் தராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கடிதத்தை நாலாக மடித்து, "ஏங்க, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

படிப்பு மையம் என்பது மற்ற நாட்களில் ஒரு தொடக்கப்பள்ளி. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தோம். மைய அதிகாரி மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அசைன்மென்ட் எல்லாம் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். நான் பத்தாவதுலயே ரெண்டு தடவ கவுந்தவன். விண்ணப்பம் மட்டும்தான் என் கைவரிசை."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் நிழல் வெப்பாங்களா மேடம்?"

மேசையிலிருந்த தாளில் 'மைய அதிகாரி' என்று எழுதி, நிழலும் வைத்து நீட்டினேன். அவர் அதை விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது, உடனே அதிகாரியாகிவிட்டார்.

"சரி, விண்ணப்பம் இவர் எழுதினது. அசைன்மென்ட் நீங்க எழுதினதுன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"கேளுங்க மேடம்," என்றாள் என் மனைவி. "எந்தப் பாடத்துல வேணா கேளுங்க."

மூன்று கேள்வி கேட்டார். முதல் பதிலில் அவள் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நடுக்கம் நின்றது. மூன்றாவதில், கேள்வியில் இருக்கும் வருடமே தப்பு என்று பணிவாகச் சொன்னாள். வியர்த்தது எனக்குத்தான்.

மேடம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புது விண்ணப்பம் ஒன்றை எடுத்தார். "இத நீங்களே எழுதுங்கம்மா. ஹால் டிக்கெட் இப்பவே தர்றேன். சார், நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளித்தான் உட்கார்ந்தேன். ஆனால் தெருமுனையிலிருந்தே போர்டு படிக்கிற கண் எனக்கு. 'படிக்க விரும்பும் காரணம்' என்ற இடத்தில், போன வருடம் 'நாட்டின் முன்னேற்றத்துக்காக' என்று எழுதியிருந்தேன். அவளிடம் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

இப்போது அதே இடத்தில் எறும்புகள் மெதுவாக ஊர்ந்தன: 'பன்னிரண்டாவதோடு நிறுத்தியது என் முடிவு இல்லை.'

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இது எனக்குப் புதுச் செய்தி.

வெளியே வந்ததும் ஹால் டிக்கெட்டை நீட்டினாள். "பேர் சரியா இருக்கா பாருங்க."

"சரியா இருக்கு. ஓரத்துல லேசா ஒரு நிழல் மட்டும்..." என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"கைய எடுங்க!" என்றாள். ஒரு வாரத்தில் அன்றுதான் சிரித்தாள்.

பேனாவை அவள் பையில் போட்டேன். பையை மட்டும் நான் தூக்கிக்கொண்டேன்.