கட்டைவிரல் உயர டிரைவர்

போன ஆடியில் மங்களம் கட்டைவிரல் உயரத்துக்குச் சிறுத்துப்போய், காட்டுப்பாக்கம் அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடியில் ரயில் ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். சிறுத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கரி போட்டு ஓட்டுகிற சின்ன எஞ்சின் எதுவானாலும், ஏறுகிறவர் அதற்கேற்ற அளவுக்கு வந்துவிடுவதும், அடுப்பு அணைந்ததும் பழைய உயரத்துக்குத் திரும்புவதும் இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்ததுதான். அவள் அடுப்பை அணைய விடவில்லை என்பதுதான் புருஷன் ஏகாம்பரத்துக்குப் பிரச்சினை.

ஏகாம்பரத்துக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் சொந்த எஞ்சின் உண்டு. அசல் ரயில் எஞ்சினில் எட்டில் ஒரு பங்கு. ஏறினால் ஆள் ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிடுவார். பெரிய வண்டிக்காரர்களுக்கே உரிய தலைக்கனம் அவருக்கும் இருந்தது; அதைவிடச் சின்னதெல்லாம் அவருக்குப் பொம்மை. கல்யாணமான நாளிலிருந்து மங்களத்தைக் கடைசிப் பெட்டியில் உட்காரவைத்தாரே ஒழிய, ஆவியைத் திறந்துவிடும் கைப்பிடியைத் தொட விட்டதில்லை. காட்டுப்பாக்கத்தில் ஐடி வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா, தன்னுடைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு எஞ்சினைப் பார்க்க இருவரையும் அழைத்தாள். ஏகாம்பரம் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். “நீங்க ஓட்டுறீங்களா ஆன்ட்டி?” என்று அவள் கேட்டதுதான் தாமதம், மங்களம் ஏறிவிட்டாள்.

வாரங்கள் ஓடின. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது என்பதால், கிருஷ்ணப்பிரியா வீடு வீடாக அதைப் பிடித்துவந்து பாய்லருக்கு ஊற்றினாள். இட்லியைப் பிட்டு மங்களத்துக்கு வைத்தாள். வடகம் காயப்போட்டவர்கள் தண்டவாளத்துக்கு வழிவிட்டுப் போட்டார்கள். ஆவடியில் ஏகாம்பரம் தாம் வைத்த ரசத்தைத் தாமே குடித்து நொந்துபோனார். அவளை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். பெண்டாட்டியைப் பையில் போட்டு பஸ் ஏறினான் என்று குவார்ட்டர்ஸே சிரிக்காதா? ஆகவே தம் எஞ்சினையும் தண்டவாளத்தையும் குட்டியானை வேனில் ஏற்றிப்போய், அதே மாடியில் போட்டு, சாண் உயர டிரைவராகக் கெத்தாக அவள் பக்கத்தில் நிறுத்தி விசிலை ஊதினார். சமாதானம் பேசப் போகிறவன் செய்கிற காரியமா இது? அந்த ஆவி அடித்த வேகத்தில் அவளுடைய பெட்டிகளெல்லாம் கவிழ்ந்தன.

மங்களம் அவர் முழங்கால் உயரம்தான் இருந்தாள்.

“இன்னா மங்களம், ஊட்டுக்கு வரமாட்டியா?” என்று கேட்டார்.

“அவ்ளோ ஒசரத்துல நின்னுகினு பேசுனா கழுத்து வலிக்குதுங்க. எறங்கி வாங்க. இங்க கரி போட ஆளில்ல.”

 ஏகாம்பரம் தம் அடுப்பை அணைத்து முழு ஆளானார். கவிழ்ந்த பெட்டிகளை இரண்டு விரலால் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார். பொம்மை எஞ்சினில் ஏறிக் கட்டைவிரல் உயரத்துக்கு வந்தார். கரி அள்ளிப் போட்டதில் முதல் சுற்றிலேயே முதுகு கழன்றது. ஆனாலும் காற்று முகத்தில் அடித்தது, மங்களம் வளைவுகளில் வேகத்தைக் குறைத்த பாங்கு அவ்வளவு அழகாக இருந்தது, அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊட்டுக்கு வா என்று மறுபடி கேட்கவே மறந்துபோனார். சாயங்காலம் அவளேதான், “போதும், போலாமா?” என்று அடுப்பை அணைத்தாள்.

மங்களம் பழைய உயரத்துக்கு வந்தாள். ஏகாம்பரம் மட்டும் தலைக்கனம் போன அளவுக்கு நாலு விரற்கடை குறைந்து, அவள் தோளுக்குத் தோள் சரியாக நின்றார். மறுநாள் பூந்தமல்லி டெய்லர் அவருடைய பேண்ட்களை மடித்துத் தைக்க அளவெடுத்தபடி, “எந்த வண்டி சார், முப்பத்திரண்டா?” என்று கேட்டார்.

“ஆமா,” என்றார் ஏகாம்பரம். “எங்க ஊட்டுக்காரம்மா ஓட்டுறது.”