மேற்கு ஜன்னல்

மேற்கு ஜன்னலோரம்தான் அவளுடைய தையல் மெஷின். வெளிச்சம் நன்றாக விழும் என்று கணவர்தான் அங்கே போட்டுக் கொடுத்தார். அவர் காற்றாலை மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் காத்தாடிக்காரர். எதிர் மேட்டில் புதிய காற்றாலைகள் எழுந்தபோது, வேலை வாசலுக்கே வந்துவிட்டதென்று இருவருமே சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் வெயில் சாய்ந்ததும் இறக்கைகளின் நிழல் அறைக்குள் வந்தது. யாரோ ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி அடித்தன. முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு தலைவலி வந்தது, வாந்தி வந்தது. கனமான திரை போட்டாள், நிழல் ஓரம் வழியாக நுழைந்தது. மெஷினை உள்ளறைக்கு இழுத்தாள். அங்கே கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகத் தெரிந்தன. மறுபடி ஜன்னலுக்கே கொண்டுவந்தாள்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அந்த 'ஒன்றுமில்லை'யைக் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாளெல்லாம் காற்றாலை உச்சியில் நிற்கிற எனக்கே எதுவும் ஆகவில்லை, எல்லாம் உன் நினைப்புதான் என்றார். அவள் சண்டை போடவில்லை. மாலையானால் கடைத்தெருவுக்குப் போய், எதையோ வாங்க வந்தவள்போல நின்றுகொண்டிருப்பாள்.

பள்ளிச் சீருடைகள் அவசரம் என்று ஒருநாள் மட்டும் மாலையிலும் தைத்தாள். நிழல் கடந்த நொடியில் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். மறுநாள் கணவர் லீவு போட்டார். மிச்சமிருந்த பட்டன்களைத் தானே தைத்துவிடலாமென்று அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை வந்தது. நாலு பட்டன் முடிவதற்குள் வயிற்றைப் புரட்டியது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கிளம்பி சூப்பர்வைசரிடம் போய், வீட்டில் நிழல் விழும் அந்த ஒரு காற்றாலையை மட்டும் வெயில் இறங்கும் நேரத்தில் நிறுத்தக் கேட்டார்.

"நிழல் விழுற நேரமெல்லாம் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு. உங்க வீட்டுக்காக ஒண்ண நிறுத்தினா, நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"ஊருக்கே வலிக்குதுன்னா வந்து நிக்கட்டுமே சார்."

வேலையை மட்டும் பாருங்கள் என்று பதில் வந்தது.

வீடு திரும்பினால், அவளை அழைத்துப்போக அவளுடைய அக்கா வந்திருந்தார். பெட்டி வாசலில் இருந்தது.

"நானும் உக்காந்து பாத்தேன்," என்றார் கணவர். "நீ சொன்னது நிஜம்தான். நிறுத்தச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வரேன்."

"நிறுத்தக்கூட வேணாங்க. அன்னிக்கே நம்பியிருந்தா போதும்."

அக்கா வீட்டு மாடியில் மெஷினைப் போட்டுக்கொண்டாள். அந்த விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. நடுவிரலால் துணியைத் தள்ளப் பழகினாள். லீவு நாளில் அவர் வருவார். அவள் டீ கொடுப்பாள். பேச்சு இரண்டொரு வார்த்தையில் தீர்ந்துவிடும்.

வீட்டை விற்க முயன்றார். பார்க்க வருகிறவர்களைக் காலையிலேயே வரச் சொன்னார். ஒருவர் மட்டும் மாலையில் வந்துவிட்டார். மேற்கு அறையில் கொஞ்ச நேரம் நின்றார். கணவர் கொடுத்த காபியைத் தொடாமலே, பிறகு சொல்கிறேன் என்று படியிறங்கினார்.